பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அரிய நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? சேலத்திலிருந்து வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் பழைய கார் தேடுபவர்கள் முதலில் வெள்ளையைக் கேட்பார்கள். அது அமையாவிட்டால் வெள்ளி நிறத்துக்கு வருவார்கள். வெயிலில் உள்ளே சூடு குறைவு, தூசி படிந்தாலும் தெரியாது, நாளைக்கு விற்கப் போனால் நிறத்தைக் காட்டி எவரும் விலையை அடிக்க மாட்டார்கள் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவையே. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. குடும்பக் காரில் விலையைக் குறைக்கும் மஞ்சளும் பச்சையும் ஆரஞ்சும் ஒரு ஃபோர்டு மஸ்டாங்கிலோ ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸிலோ விலையைக் கூட்டுகின்றன. விற்பவர் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நிறத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார்.

முதல் முறையாக இப்படிப்பட்ட காரை வாங்குபவர் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம், தொழிற்சாலையில் ஏறி இன்றுவரை மாறாமல் இருக்கும் பெயின்ட்டுக்கு உரியது. அதே நிறத்தை எந்த நல்ல பட்டறையிலும் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ள முடியும் என்பதால், நிறம் மட்டும் பொருந்தியிருப்பதற்குத் தனி மதிப்பு கிடையாது. இந்த வழிகாட்டியில் வரும் சோதனைகள் எல்லாம் அந்த ஒன்றை உறுதிசெய்வதற்காகவே.

நிறத்துக்கு ஏன் விலை ஏறுகிறது

முதல் காரணம் எண்ணிக்கை. ஆக்டேவியா ஆர்எஸ் 245 என்ற கார் 2020-இல் இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்தது. அன்றைய விலை 35.99 லட்சம் ரூபாய். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீலம், ராலி கிரீன் என்ற ஐந்து நிறங்களில் அவற்றைப் பகிர்ந்தால் ஒரு நிறத்துக்குச் சராசரியாக நாற்பது கார்கள்தான் தேறும். அவற்றிலும் இடித்தவை, நிறம் மாற்றியவை, விற்கவே மாட்டேன் என்று வைத்திருப்பவர்களுடையவை எல்லாம் போக, சந்தைக்கு வருவது மிகச் சொற்பமே. மஸ்டாங் 2016-இல் இங்கே விற்பனைக்கு வந்தது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்துவிட்டதால், சாலையில் இருக்கும் அந்தத் தலைமுறை மஸ்டாங்குகளுக்குள்தான் நீங்கள் நிறத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது காரணம் பூசும் முறை. சாதாரண மெட்டாலிக் பெயின்ட்டில் நிறம் ஒரு படலம், அதன் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற காப்புப் பூச்சு ஒரு படலம். மஸ்டாங்கின் டிரிபிள் யெல்லோ போன்ற மூன்று படல நிறங்களில் அடிநிறத்துக்கும் கிளியருக்கும் இடையில் ஒளி ஊடுருவும் நிறப்படலம் ஒன்று கூடுதலாக உண்டு. ஆழமான பளபளப்பைத் தருவது அந்த நடுப்படலம்தான்; பிற்காலத்தில் சிறு கீறலைக்கூடப் பெருஞ்செலவாக்குவதும் அதுவேதான். போர்ஷே நிறுவனத்தில் வாடிக்கையாளர் விரும்பும் நிறத்தைத் தனியாகப் பணம் கட்டிப் பூசச் சொல்லும் ஏற்பாடு உண்டு; அப்படி வந்த கார்களுக்குப் பழைய சந்தையில் தனி மரியாதை இருப்பதற்கு, முதல் உரிமையாளர் கட்டிய அந்தத் தொகையும் ஒரு காரணம்.

மூன்றாவது, நிறத்தோடு சேர்ந்துவரும் வரலாறு. ஹோண்டாவின் டைப் ஆர் கார்களில் வரும் சாம்பியன்ஷிப் ஒயிட், 1965-இல் மெக்சிகோ பந்தயத்தில் அந்த நிறுவனத்துக்கு ஃபார்முலா ஒன்றில் முதல் வெற்றியைத் தேடித்தந்த காரின் நிறத்தை நினைவுபடுத்துவது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் மிட்நைட் பர்ப்பிள், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஊதாவும் பச்சையுமாகச் சாயல் மாறுவது. உலகெங்கும் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். இவ்வகை மதிப்பு, கதை தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில்தான் பணமாகும். செவ்வாய்ப்பேட்டையில் ஒருவரிடம் சாம்பியன்ஷிப் ஒயிட் என்றால், நன்றாகக் கழுவாத வெள்ளை என்றுதான் நினைப்பார்.

மஞ்சள் நிறக் கார்கள் மற்றவற்றைவிடக் குறைவாக விலை இறங்குகின்றன என்று அமெரிக்காவின் ஐசீகார்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வை விற்பவர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. முடிவு உண்மைதான்; ஆனால் மஞ்சளில் வருபவை பெரும்பாலும் இயல்பாகவே விலை இறங்காத ஸ்போர்ட்ஸ் கார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே அதை உங்கள் பேரத்துக்கு அளவுகோலாக ஏற்க வேண்டாம்.

கறுப்புக்கும், மேட் ஃபினிஷ் என்று பின்னால் அடித்தவற்றுக்கும், நிறமாறும் ஸ்டிக்கர் ஒட்டியவற்றுக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

முதலில் நிறமில்லாத விலை

காரை நேரில் பார்க்கப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. அதே மாடல், அதே ஆண்டு, ஏறத்தாழ அதே கிலோமீட்டர், அதே எண்ணிக்கையில் உரிமையாளர்கள் என்ற நிலையில் வெள்ளை அல்லது சாம்பல் நிறக் கார் என்ன விலைக்குப் போகிறது என்று கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையே அடிப்படை விலை. விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை என்பதையும், கைமாறும் விலை அதற்குக் கீழே இருக்கும் என்பதையும் மறவாதீர்கள். ஒரே கார் பல வாரங்கள் விற்காமல் விளம்பரத்தில் கிடந்தால் அந்த விலையைச் சந்தை ஏற்கவில்லை என்று பொருள்.

இவ்வகைக் கார்கள் சேலத்தில் மிகக் குறைவு என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க பெங்களூரு, கோவை, சென்னை விளம்பரங்களைத்தான் நாட வேண்டியிருக்கும். அதில் தவறில்லை. நாளை நீங்கள் விற்கும்போதும் நிறத்துக்குப் பணம் தரக்கூடியவர் பெரும்பாலும் அந்த ஊர்களிலிருந்துதான் வருவார். பெங்களூரு இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வாங்குபவர் வந்து பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிப் போவதற்கும், நீங்கள் காரை அங்கே கொண்டுபோய்க் காட்டுவதற்கும் ஆகும் அலைச்சலை நிறத்தின் விலையிலிருந்து இப்போதே கழித்துவிடுவது நல்லது.

அடிப்படை விலையை எழுதாமல் காரைப் பார்க்கப் போனால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். நிறம் கண்ணைக் கட்டிவிடும். டயர் தேய்ந்திருப்பதும் சர்வீஸ் பதிவில் இடைவெளி இருப்பதும் அப்போது பெரிதாகத் தெரியாது.

நிறக் குறியீடும் காகிதங்களும்

ஒவ்வொரு தொழிற்சாலை நிறத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. ஃபோர்டு கார்களில் அது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்களில் டிக்கியின் அடியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்திலும் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஒரே விவர ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். போர்ஷேயில் முன்பக்க மூடியின் உட்புறத்திலும் பராமரிப்புப் புத்தகத்திலும் பார்க்கலாம். ஸ்டிக்கர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றாலோ, அதன் ஓரத்தில் பெயின்ட் ஏறியிருந்தாலோ, அந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது அங்கே மறுபூச்சு நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது நியாயம்.

அடுத்து, சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். கார் எந்த நிறத்தில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பது அவர்களுடைய பதிவில் இருக்கும். உரிமையாளர் உடன் வந்தால் அல்லது எழுதிக்கொடுத்தால் இந்த விவரத்தைப் பெறுவது எளிது. உடன்வர மறுக்கும் விற்பனையாளரிடம் நிறத்துக்காகக் கூடுதல் விலை பேசுவதில் அர்த்தமில்லை. முதல் விலைப்பட்டியலும், புதிய காருக்கு விற்பனையாளர் தரும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழும் கிடைத்தால் இன்னும் நல்லது. வண்டியின் நிறம் அந்தச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும்.

பின்னர் ஆர்.சி.யைப் பாருங்கள். ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கும். அதில் ஒயிட் என்றும் எதிரே நிற்கும் கார் நீலம் என்றும் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். நிறத்தை மாற்றியவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். அப்படி முறையாக ஏற்றியிருந்தாலும்கூட அது தொழிற்சாலை நிறம் ஆகிவிடாது. சட்டச் சிக்கல் மட்டும் தீரும், கூடுதல் விலைக்கான காரணம் தீர்ந்தே போய்விடும்.

பச்சை நிறத்தை விரும்புவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆம் விதிப்படி, ராணுவத்துக்கு உரிய ஆலிவ் பச்சையைத் தனியார் வாகனங்களுக்குப் பூசக் கூடாது. ராலி கிரீன் போன்ற பளிச்சென்ற பச்சைகளுக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் யாராவது தங்கள் காருக்கு மங்கிய ராணுவப் பச்சை அடித்துவிட்டு அரிய நிறம் என்று விற்க வந்தால், நிறத்தோடு சேர்த்துத் தொந்தரவையும் வாங்குகிறீர்கள்.

வெயிலில் பார்ப்பது, கையால் தொடுவது, மீட்டர் வைப்பது

காரைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு, நேர் வெயிலில் பார்க்க வேண்டும். சேலத்தின் முற்பகல் வெயில் இதற்கு மிகவும் ஏற்றது. இந்த ஒரு காரியத்துக்காவது நம் ஊர் வெயிலைக் குறைசொல்லாமல் இருக்கலாம். மாலை மங்கலிலும், ஷோரூம் விளக்கொளியிலும், மழை நின்ற கையோடும் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஈரம் சிறு கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். மஞ்சள் விளக்கு இரண்டு சிவப்புகளை ஒன்றாக்கிவிடும்.

முதலில் பத்தடி தள்ளி நின்று ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நேர்கோட்டில் பாருங்கள். முன் ஃபென்டரும் கதவுகளும் பின் பக்கவாட்டும் ஒரே சாயலில் தொடர்கின்றனவா என்பதுதான் கேள்வி. பம்பர் மட்டும் சற்றே வேறு சாயலில் தெரிந்தால் உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பம்பர் தனியாகப் பூசப்படுவதால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சிறு வித்தியாசம் இருப்பது உண்டு. பிறகு அருகே சென்று, ஒரு டியூப் லைட் அல்லது மின்கம்பியின் பிம்பம் அந்தத் தகட்டில் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். ஆரஞ்சுப் பழத் தோல்போன்ற மேடுபள்ளம் எல்லாத் தகடுகளிலும் ஒரே அளவில் இருந்தால் அது தொழிற்சாலை வேலையாக இருக்கலாம். ஒரு கதவில் மட்டும் கண்ணாடிபோல வழவழப்பாகவோ மிகவும் சொரசொரப்பாகவோ இருந்தால் அந்தக் கதவு பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது.

கதவு ரப்பர் பீடிங்கை மெல்ல இழுத்து அதன் அடியில் பாருங்கள். மறைத்து ஒட்டிய டேப்பின் விளிம்பு மெல்லிய கோடாக விரலுக்குத் தட்டுப்படும். பானெட்டைத் திறந்து ஃபென்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் ஏறிய போல்ட் பொய் சொல்லாது. பெட்ரோல் மூடியின் உட்புறம், டிக்கியின் கம்பளத்துக்குக் கீழே, சக்கர வளைவின் உள்விளிம்பு ஆகியவை நிறம் மாற்றிய கார் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள். முழுக் காரையும் வேறு நிறத்துக்கு மாற்றும்போது இந்த மூலைகளை விட்டுவிடுவதுதான் பட்டறைகளின் வழக்கம். சிவப்புக் காரில் பெட்ரோல் மூடியின் உட்புறச் சிவப்பையும் கூரையின் சிவப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய சிவப்புகள் வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்பு பூத்ததுபோல ஆகிவிடும்; கிளியர் கோட் உள்ளவை அவ்வளவு வெளுக்காவிட்டாலும் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் உரியத் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கண்ணால் செய்யக்கூடியவை. கூடுதல் விலை கேட்கும் காருக்குப் பெயின்ட் தடிப்பு அளக்கும் மீட்டர் கட்டாயம் வேண்டும். சொந்தமாக வாங்கலாம், அல்லது கார் ஆய்வு செய்து தருபவரை அழைத்துச் செல்லலாம். தொழிற்சாலைப் பெயின்ட்டின் மொத்தத் தடிப்பு, அடியிலிருக்கும் பிரைமர் உட்பட, பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கூரையில் மறுபூச்சு நடப்பது அரிது என்பதால் அங்கே முதலில் அளந்து, அந்த எண்ணோடு மற்றத் தகடுகளை ஒப்பிடுங்கள். ஒரு தகட்டில் மட்டும் 250, 300 என்று வந்தால் அங்கே ஒரு முறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி இருக்கிறது. அடி பலமாக விழுந்து, டிங்கரிங் செய்து, பட்டி பூசி மேடுபள்ளத்தைச் சமப்படுத்தியிருக்கிறார்கள். மாறாக, எண் வழக்கத்தைவிட மிகவும் குறைந்திருந்தால், பலமுறை பாலிஷ் போட்டுக் கிளியரைத் தேய்த்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். அரிய நிறத்தில் இதுவும் குறைதான். அடுத்த கீறலை எடுக்க அங்கே கிளியர் மிச்சமிருக்காது.

மீட்டர் வைக்கும்போது புதியவர்கள் குழம்பும் இடங்கள் உண்டு. காந்த முறையில் மட்டும் இயங்கும் மலிவான மீட்டர் இரும்பில்தான் வேலை செய்யும். 2015 முதல் வந்த தலைமுறை மஸ்டாங்கின் பானெட்டும் முன் ஃபென்டர்களும் அலுமினியத்தாலானவை. 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆடி டிடியின் உடலில் அலுமினியமும் இரும்பும் கலந்திருக்கின்றன. ஆகவே இரண்டு உலோகங்களையும் அறியும் மீட்டராகப் பார்த்து எடுத்துச்செல்லுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் இரண்டுமே பயன்படாது. பெயின்ட்டைக் காக்க ஒட்டும் பிபிஎஃப் படலம் தானே 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும் என்பதால், படலம் ஒட்டிய தகட்டில் எண் எகிறினால் பதற வேண்டாம். படலத்தின் ஓரத்தைக் கண்டுபிடித்து, படலம் இல்லாத இடத்திலும் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான்தான். அது எண்ணை மாற்றாது.

முழுக் காரிலும் ராப் என்ற வேறு நிற ஸ்டிக்கர் படலத்தை ஒட்டிவிட்டு, உள்ளே இருப்பது ஒரிஜினல் ராலி கிரீன் என்று சொல்பவரிடம், குறைந்தது ஒரு கதவிலும் பின் பக்கவாட்டிலும் ராப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுபூச்சின் மேல் ஒட்டிய ராப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரிந்துவருவது உண்டு. அந்த அபாயத்தை வாங்கிய பிறகு நீங்கள் ஏற்பதைவிட விற்பதற்கு முன் அவர் ஏற்பதுதான் முறை.

மலையில் நிற்கும் கார்கள்

வார இறுதிக்கு மட்டும் எடுக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களை ஏற்காட்டில் உள்ள தங்கள் வீட்டிலோ எஸ்டேட் பங்களாவிலோ நிறுத்திவைப்பவர்கள் இருக்கிறார்கள். கிலோமீட்டர் குறைவாக இருப்பதால் அவை விளம்பரத்தில் மிகவும் நன்றாகத் தெரியும். ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்திலும் ஈரத்திலும், சில்வர் ஓக் மரத்தடியில் மாதக்கணக்கில் நின்ற காரின் பெயின்ட் கிலோமீட்டரைப் பார்த்து வயதாவதில்லை. பறவை எச்சமும் மரப்பிசினும் கிளியரை அரித்து வட்டவட்டமாகத் தடம் விட்டிருக்கும். வைப்பருக்குக் கீழே உள்ள நீர் வடியும் துளைகளில் இலைகள் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தால் துரு உள்ளிருந்து கிளம்பும். பானெட்டைத் திறந்து அந்த மூலைகளைக் கட்டாயம் பாருங்கள். பிபிஎஃப் ஓரங்களில் பாசிபோலக் கறுத்திருந்தால் ஈரம் அடியில் புகுந்திருக்கிறது.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடிக்கடி போய்வந்த காருக்கு முன்பக்கத்தில் கல் தெறித்த புள்ளிகள் இருப்பது இயற்கை. சொல்லப்போனால், எட்டு ஆண்டுக் காரின் முன் பம்பரில் ஒரு புள்ளியும் இல்லை என்றால்தான் அதை எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். வளைவுகளில் நிறுத்தும் கார்களின் மேல் குரங்குகள் ஏறி உட்கார்வதும் வழக்கம் என்பதால் கூரையிலும் டிக்கி மூடியிலும் நகக்கீறல்களைத் தேடுங்கள். கிளியரோடு நின்ற கீறல் பாலிஷில் போகும், நகம் வைத்தால் தடுக்கும் கீறல் போகாது.

கீழே சமவெளிக் கார்களுக்கு வேறு தொல்லை. கருப்பூர், ஜாகிர் அம்மாபாளையம் பக்கத்து வெள்ளைக்கல் தூசியை உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்தே அடர்ந்த நீலத்திலும் ஊதாவிலும் சிலந்தி வலைபோலச் சுழல்கீறல்கள் விழுந்திருக்கும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட காரில் உப்புப் புள்ளிகள் கிளியரைக் கடித்திருக்கும். இரண்டும் நல்ல டீட்டெய்லிங் கடையில் பெருமளவு சரியாகக்கூடியவை. பேரத்தில் அந்தச் செலவைக் கழிக்கலாம், காரை விட்டுவிட வேண்டியதில்லை.

எவ்வளவு கொடுக்கலாம்

இங்கே என் கருத்தைச் சொல்கிறேன், மற்றவர்கள் வேறுபடலாம். பரவலாக விரும்பப்படும், ஆனால் அரிதல்லாத நிறத்துக்கு அடிப்படை விலையில் 2 அல்லது 3 சதவீதத்துக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. எண்ணிக்கையில் உண்மையாகவே குறைந்த நிறம், குறியீடும் காகிதமும் பொருந்துகிறது, எல்லாத் தகடுகளும் தொழிற்சாலைத் தடிப்பில் இருக்கின்றன என்றால் 5 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் போவதென்றால், அந்த நிறத்தை நீங்கள் பல ஆண்டுகள் வைத்துப் பார்த்து மகிழப்போவதற்கான செலவாக அதைக் கருதுங்கள். முதலீடு என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அடிப்படை விலை 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் நிறத்துக்கான உச்சவரம்பு ஒன்றரை லட்சம். முன் பம்பர் மட்டும் மறுபூச்சு என்றால் அந்த ஒன்றரை லட்சத்தில் கைவைக்க வேண்டாம். பம்பர் உரசாத கார் இல்லை. ஒரு கதவோ ஃபென்டரோ ரசீதோடு மறுபூச்சு செய்யப்பட்டிருந்தால் பாதியாக்கி 75,000 கொடுக்கலாம். மூன்று படல நிறமாக இருந்தால் இங்கே இன்னும் கவனம் வேண்டும்: கதவுக்கு அடித்த நிறம் பக்கத்துத் தகடுகளோடு சாயல் சேர்வதற்காக முன் ஃபென்டரிலும் பின் பக்கவாட்டிலும் நிறத்தை மங்கலாகப் பரப்பி, மூன்றுக்கும் புதுக் கிளியர் அடித்திருப்பார்கள். ஒரு கதவு இடித்த கதை மூன்று தகடுகளின் ஒரிஜினல் பெயின்ட்டைத் தின்றுவிடுகிறது. பின் பக்கவாட்டும் கூரையும் போல்ட் போட்டுக் கழற்றும் பாகங்கள் அல்ல, உடலோடு வெல்டு செய்யப்பட்டவை. அங்கே மறுபூச்சு இருந்தால் நிறத்துக்கு எதுவும் கொடுக்காமல், விபத்தின் அளவை அறிந்து அடிப்படை விலையையும் குறைத்துக் கேளுங்கள். அங்கேயே பட்டியும் இருந்தால் அந்தக் காரை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

இன்னொரு சோதனையும் பயனுள்ளது. அதே விலைக்கு வெள்ளை நிறத்தில், 20,000 கிலோமீட்டர் குறைவாக ஓடி, முழு சர்வீஸ் பதிவோடும் புது டயர்களோடும் ஒரு கார் கிடைத்தால் எதை எடுப்பீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் மஞ்சள்தான் என்றால் கூடுதல் விலை உங்களுக்குத் தகும், தயங்கினால் தகாது.

பேரமும் எழுத்தும்

விற்பவரிடம் இரண்டு விலைகளைத் தனித்தனியாகப் பேசுங்கள். காருக்கு இவ்வளவு, நிறத்துக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொன்னால், மீட்டரில் வந்த ஒவ்வொரு எண்ணும் எந்தத் தொகையைக் குறைக்கிறது என்று அவருக்கும் விளங்கும். ஒரே தொகையாகப் பேசினால் நிறத்தின் பெருமை டயரின் தேய்மானத்தையும் மூடிவிடும். புரோக்கர் நடுவில் இருந்தால் அவருடைய கமிஷன் மொத்த விலையின்மீது கணக்காகிறது என்பதையும், நிறத்தை உயர்த்திப் பேசுவதில் அவருக்கும் லாபம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன், விற்பனை ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கார் இன்ன குறியீடுள்ள இன்ன தொழிற்சாலை நிறத்தில் இருக்கிறது. இன்னின்ன பாகங்களில் மட்டும் மறுபூச்சு நடந்திருக்கிறது. இதற்கு மாறாகப் பின்னால் தெரியவந்தால் நிறத்துக்காகப் பெற்ற இன்ன தொகை திருப்பித் தரப்படும். நேர்மையான விற்பனையாளர் இதற்குத் தயங்க மாட்டார். மீட்டர் எண்களைத் தகடுவாரியாக எழுதி, தேதியிட்ட படங்களோடு வைத்துக்கொண்டால் நாளை நீங்கள் விற்கும்போது அதுவே உங்கள் சாட்சி.

காப்பீடு, கடன், பெயர் மாற்றம்

கூடுதலாகக் கொடுத்த பணத்தைக் காப்பீடு தானாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. காப்பீட்டு மதிப்பு நிறுவனத்தின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து வருவது. நான்கிலிருந்து ஐந்து ஆண்டு வயதுள்ள காருக்கு அந்தக் கழிவு 50 சதவீதம். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கும் தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடல்களுக்கும் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பை முடிவுசெய்யலாம். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை இந்த வயதில்தான் கைமாறுகின்றன என்பதால், ஒப்பந்தத்தையும் ஆய்வறிக்கையையும் காட்டி உயர்ந்த மதிப்பைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கார் முழுதாக அழிந்தால் அந்த எண்தான் உங்கள் கைக்கு வரும்.

பெயின்ட் சம்பந்தமான கிளெய்மில் இன்னொரு விதி உண்டு. பெயின்ட் பொருளின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். கூலியும் பொருளும் சேர்ந்த ஒரே பில்லாக இருந்தால் அதில் கால்பங்கைப் பொருள் என்று கொள்வார்கள். 40,000 ரூபாய் பெயின்ட் பில்லில் 10,000 பொருள், அதில் பாதியான 5,000 உங்கள் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்திருந்தால் இந்தக் கழிவு இராது. மூன்று படல நிறமுள்ள காருக்கு அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பழைய கார்களுக்கு எல்லா நிறுவனங்களும் தருவதில்லை என்பதால் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். அந்த நிறத்தைக் கணினியில் அளந்து கலக்கும் வசதியும், தூசி புகாத பெயின்ட் பூத்தும் உள்ள பட்டறை அருகில் எங்கே இருக்கிறது என்பதையும் அதே கையோடு கேட்டறியுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் மாடலையும் ஆண்டையும் நிலையையும் பார்த்துத்தான் தொகை சொல்வார். நிறத்துக்கான பணம் உங்கள் சேமிப்பிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக்குள் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம் போதும்; விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். கடன் நிலுவை ஆர்.சி.யில் இருந்தால் படிவம் 35 தேவை. கர்நாடகப் பதிவோ புதுச்சேரிப் பதிவோ உள்ள கார் என்றால் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி மறுபதிவு செய்யவேண்டியிருக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த வரி சிறு தொகையாக இருக்காது என்பதால் நிறத்துக்குப் பேரம் பேசுவதற்கு முன்பே அதைக் கணக்கிட்டுவிடுங்கள்.

சேலம் மேற்கு, கிழக்கு, தெற்கு என்று உங்கள் முகவரிக்கு உரிய அலுவலகத்திலிருந்து புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும், பெயரையும் முகவரியையும் பார்ப்பதோடு நிறம் என்ற வரியையும் படியுங்கள். மறுபதிவின்போது மஞ்சள் என்பது ஆரஞ்சாகவோ, ராலி கிரீன் என்பது வெறும் பச்சையாகவோ பதிவாகியிருந்தால், படிவம் 21-இன் நகலோடு உடனே திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அடுத்து உங்களிடமிருந்து வாங்க வருபவரும் முதலில் பார்க்கப்போவது அந்த வரியைத்தான்.